வீட்டு ஒலிப்பதிவில் குரல் கலவை

வீட்டு ஒலிப்பதிவில் குரல் கலவை என்பது, தொழில்முறை ஒலிப்பதிவுக்கூடம் அல்லாத ஓர் இல்லத்து அறையில் பதிவு செய்யப்பட்ட பாடற்குரலை இசைக்கருவிகளின் தடங்களுடன் சேர்த்து, சொற்கள் தெளிவாகக் கேட்கும்படி அமைக்கும் பணியாகும். ஒலியளவைச் சீர்செய்தல், வேண்டாத அதிர்வெண்களைக் குறைத்தல், குரலின் ஏற்றத்தாழ்வைக் கட்டுப்படுத்துதல், சிறிதளவு முழக்கம் சேர்த்தல் ஆகியன இப்பணியின் அடிப்படைச் செயல்கள். இவற்றைக் கணினி மென்பொருளில் பிளகின் எனப்படும் செருகுநிரல்களைக் கொண்டு செய்கின்றனர். பத்துப் பதினைந்து செருகுநிரல்களை அடுக்கடுக்காகச் சேர்ப்பதற்குக் கணினியில் தடை ஏதும் இல்லை. ஆனால் வீட்டுப் பதிவில் குரலோடு அறையின் எதிரொலியும், மின்விசிறியின் இரைச்சலும், தெருவின் சத்தமும் கலந்தே பதிவாகின்றன. குரலுக்கெனச் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் இவற்றையும் மாற்றுகின்றது, பெரும்பாலும் உயர்த்துகின்றது. ஆகவே வீட்டுப் பதிவில் குரலுக்கான செயலாக்கத்தை எளிமையாக வைத்திருப்பது பரிந்துரைக்கப்படுகின்றது.

தமிழ்ப் பாடல்களைப் பொறுத்தவரை இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ல, ள, ழ ஆகிய எழுத்துகளின் வேறுபாடும், வல்லின மெய்கள் இரட்டிக்கும்போது தோன்றும் சிறு நிறுத்தமும் ஒலியலையின் மிக நுண்ணிய கூறுகளில் தங்கியுள்ளன. மிகையான செயலாக்கத்தில் முதலில் அழிவன இவையே.

வரலாறு

மின்முறை ஒலிப்பதிவு 1925 ஆம் ஆண்டளவில் வணிக வழக்குக்கு வரும் முன்னர், பாடகர்கள் ஒரு பெரிய கூம்புக் குழாயின் முன் நின்று பாடினர். உச்சத்தில் பாடும்போது சற்றுப் பின்வாங்குவதும் தாழ்ந்து பாடும்போது நெருங்கி வருவதுமே அக்காலத்துக் குரல் கலவை எனலாம். ஒலிவாங்கி வந்த பின்னரும், தமிழ்த் திரையிசையில் நெடுங்காலம் பாடகரும் இசைக்குழுவினரும் ஒரே கூடத்தில் ஒரே வேளையில் பாடியும் வாசித்தும் பதிவு செய்தனர். பல தடப் பதிவு பரவிய பிறகே குரலைத் தனியே பதிவு செய்து, பின்னர் தனியே மாற்றியமைப்பது வழக்கமாயிற்று.

இல்லத்தில் பல தடப் பதிவு செய்யும் வசதியைப் பரவலாக்கிய கருவிகளுள் டாஸ்காம் நிறுவனம் 1979 இல் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ 144 குறிப்பிடத்தக்கது. இது சாதாரண ஒலிநாடாப் பேழையில் நான்கு தடங்களைப் பதிவு செய்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 சனவரியில் நியூ செர்சியில் உள்ள தம் வீட்டில் இக்கருவியையும் இரண்டு சுர் எஸ்எம்57 ஒலிவாங்கிகளையும் கொண்டு சில பாடல்களை மாதிரியாகப் பதிவு செய்தார். அவற்றைப் பின்னர் தம் இசைக்குழுவுடன் ஒலிப்பதிவுக்கூடத்தில் மீண்டும் பதிவு செய்து பார்த்தும் மனநிறைவு கொள்ளாமல், வீட்டுப் பதிவையே அதே ஆண்டு செப்டம்பரில் நெப்ராஸ்கா என்னும் இசைத்தொகுப்பாக வெளியிட்டார். அதில் குரலுக்குச் சேர்க்கப்பட்டது பெரும்பாலும் ஓர் எதிரொலிக் கருவியின் ஒலி மட்டுமே.

தமிழில் இல்லத்தோடு இணைந்த ஒலிப்பதிவுக்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு ரோஜா திரைப்படத்தின் பாடல்களாகும். ஏ. ஆர். ரகுமான் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்னும் ஒலிப்பதிவுக்கூடத்தில் இப்பாடல்கள் உருவாயின. மணிரத்னம் இயக்கிய இப்படம் 1992 ஆகத்து 15 அன்று வெளியாயிற்று. படத்தின் கதாநாயகியின் ஊராகக் காட்டப்படுவது சுந்தரபாண்டியபுரம். அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் அம்மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. மின்மினி பாடிய "சின்னச் சின்ன ஆசை" அந்த ஊர்ப் பெண்ணின் பாடலாகப் படத்தில் வருகின்றது. அதனை எழுதிய வைரமுத்துவுக்கும் இசையமைத்த ரகுமானுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன.

பஞ்சதன் வீட்டோடு இருந்தது என்பதால் அதனை இன்றைய படுக்கையறைப் பதிவோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. அது ஒலிப்பதிவுக்கென்றே கட்டப்பட்டு, அன்றைய நல்ல கருவிகள் பொருத்தப்பட்ட இடம். வீட்டுப் பதிவாளர் அங்கிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது கருவிகளை அன்று, வேலை முறையை. வாடகைக் கூடத்தில் மணிக்கணக்குப் பார்த்துப் பாடவேண்டிய நெருக்கடி இன்றி, பாடகர் தனியே, வேண்டிய முறை திரும்பத் திரும்பப் பாடலாம்; அவற்றுள் சிறந்ததைத் தெரிந்துகொள்ளலாம். நன்றாகப் பாடப்பட்ட ஒரு பதிவு கையில் இருக்கும்போது கலவையில் செய்ய வேண்டியது குறைந்துவிடுகின்றது.

2000 இல் வெளியான ஆடாசிட்டி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இவ்வசதியைக் கணினி உள்ள எவருக்கும் கொண்டுவந்தன. பில்லி ஐலிசின் முதல் இசைத்தொகுப்பை (2019) அவருடைய அண்ணன் பின்னியாசு லாசு ஏஞ்சலசில் உள்ள வீட்டின் படுக்கையறையில் பதிவு செய்தார். அத்தொகுப்பு 2020 இல் சிறந்த ஒலிப்பொறியியலுக்கான கிராமி விருது பெற்றது.

அறையும் ஒலிவாங்கியும்

கலவையில் திருத்த வேண்டியவற்றுள் பெரும்பகுதி பதிவின்போதே உருவாகின்றது. எனவே குரல் கலவையைப் பற்றிய எந்தக் கட்டுரையும் அறையிலிருந்தே தொடங்க வேண்டும்.

சுந்தரபாண்டியபுரம், குற்றாலம், தென்காசி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே இங்கு வலுவாக வீசுகின்றது. இவ்வட்டாரத்தில் காற்றாலைகள் நிறுவப்பட்டிருப்பதும் இக்காற்றை நம்பியே. குற்றாலத்தில் சாரல் விழும் இம்மாதங்களில் சன்னலைத் திறந்து வைத்துப் பாடினால், காற்றின் உறுமல் குரலின் அடியில் பதிவாகிவிடும். சன்னலை அடைத்தால் புழுக்கம்; மின்விசிறியைப் போட்டால் அதன் இரைச்சல். நான்கு நிமிடப் பாடலை விசிறியை நிறுத்திவிட்டுப் பாடி, பின் விசிறியைப் போட்டு இளைப்பாறி, மீண்டும் நிறுத்திப் பாடுவதே செலவில்லாத தீர்வு. இரைச்சலை நீக்கும் செருகுநிரல்கள் உண்டு. ஆயினும் அவை இரைச்சலோடு மூச்சொலியையும் மெய்யெழுத்துகளின் முனைகளையும் சேர்த்தே அரித்துவிடுகின்றன.

அடுத்தது சுவர். சிமெண்டுப் பூச்சும் தரை ஓடுகளும் உள்ள வெற்று அறை ஒலியை நன்கு எதிரொலிக்கும். பாடுபவருக்கு அது இனிமையாக இருக்கலாம்; பதிவில் அதுவே "குளியலறை ஒலி" எனப்படும் குறையாகின்றது. பாடகரின் பின்புறத்திலும் பக்கங்களிலும் பஞ்சு மெத்தை, கனத்த போர்வை ஆகியவற்றைத் தொங்கவிடுவது பயன்தரும். ஒலியை உறிஞ்சும் பொருள் எவ்வளவு தடிமனாக இருக்கின்றதோ அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண் வரை அது செயற்படும். 10 செ.மீ. தடிமனுள்ள மெத்தை ஏறத்தாழ 850 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை நன்கு உறிஞ்சும். சுவரை ஒட்டாமல் சற்று இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் இன்னும் தாழ்ந்த அதிர்வெண்களிலும் பயன் உண்டு. பலர் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டுகின்றனர். அவை மெல்லியவை, உயர் அதிர்வெண்களில் மட்டும் சிறிது வேலை செய்யும். வெளியொலியை அவை தடுப்பதே இல்லை.

ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண் தொலைவு, அதாவது 20 செ.மீ. அளவு, பொருத்தமானது. தொலைவு இருமடங்கானால் நேரடியாக வரும் குரல் 6 டெசிபல் குறையும்; அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே 40 செ.மீ. தள்ளி நின்று பாடிய பதிவில் குரலோடு ஒப்பிட அறையின் ஒலி 6 டெசிபல் கூடியிருக்கும். இதனைப் பின்னர் எந்தக் கருவியாலும் முறையாகப் பிரித்தெடுக்க இயலாது. மிக அருகில் நின்றாலும் சிக்கல் உண்டு. ஒரு திசை ஒலிவாங்கிகள் அருகிலுள்ள ஒலியின் தாழ் அதிர்வெண்களை மிகைப்படுத்துகின்றன. குரல் "பொம்" என்று கனத்துவிடும். "ப" என்னும் எழுத்தில் வெளிப்படும் காற்று ஒலிவாங்கியை நேரே தாக்காமல் இருக்க, வாய்க்கு நேராக வைக்காது சற்றுப் பக்கவாட்டில் வைத்தல், அல்லது வளையத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியை இடையில் வைத்தல் வழக்கம்.

24 பிட்டு அளவில் பதிவு செய்யும்போது, உச்ச ஒலி −12 முதல் −6 டெசிபலுக்குள் நிற்குமாறு உள்ளீட்டை அமைத்தல் போதும். சிவப்பு விளக்கு எரியும் வரை ஏற்ற வேண்டிய தேவை ஒலிநாடாக் காலத்தோடு போயிற்று. 0 டெசிபலைத் தாண்டி வெட்டுப்பட்ட அலையைப் பின்னர் முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

ஒலியளவு

குரல் தடத்தில் முதலில் செய்ய வேண்டியது செருகுநிரல் எதனையும் சேர்க்காமல் ஒலியளவை மட்டும் சீர்செய்வதாகும். ஒரு சொல் மறைந்தால் அச்சொல்லின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்தலாம். ஓர் உச்சம் துருத்திக்கொண்டு நின்றால் அதனை மட்டும் குறைக்கலாம். இன்றைய மென்பொருள்கள் அனைத்திலும் தடத்தின் மீது ஒலியளவுக் கோடு ஒன்றை வரைந்து இதனைச் செய்ய இயலும். நான்கு நிமிடப் பாடலுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கலாம். அலுப்பான வேலைதான். ஆயினும் இது குரலின் தன்மையை மாற்றுவதில்லை. அதனுடைய அளவை மட்டுமே மாற்றுகின்றது.

குரல் கேட்கவில்லை என்றால் குரலைத்தான் உயர்த்த வேண்டும் என்பதில்லை. இசைக்கருவிகளைக் குறைப்பது பெரும்பாலும் நல்ல வழி. தென்மாவட்டக் கோயில் கொடைகளில் நிகழும் வில்லுப்பாட்டில், குடத்தின் தாழ்ந்த அதிர்வும் உடுக்கையின் ஒலியும் கதை சொல்பவரின் குரலோடு ஒரே வேளையில் ஒலிக்கின்றன. நல்ல குழுவில் கதையின் முக்கியமான இடம் வரும்போது வாசிப்பவர்கள் தாமே கையைத் தாழ்த்திக்கொள்வர். வீட்டுக் கலவையில் சுட்டியால் செய்யப்படுவதும் அதுவே.

ஈக்வலைசர்

ஈக்வலைசர் எனப்படும் சமனி, குறிப்பிட்ட அதிர்வெண்களின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ உதவுகின்றது. வீட்டுப் பதிவில் இதன் முதற் பயன் அடிப்பகுதியை நீக்குவதாகும். பாடற்குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸுக்கு மேலேயே உள்ளது. பெண் குரலில் இன்னும் மேலே. அதற்குக் கீழே காற்றின் உறுமலும், தரையின் அதிர்வும், இந்திய மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுமே இருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை வெட்டும் ஒரு வடிகட்டி இவற்றை நீக்கிவிடும். மின் இரைச்சல் 100, 150 ஹெர்ட்ஸ் எனத் தன் மடங்குகளிலும் தோன்றுமாதலால், அதனைக் கம்பி இணைப்புகளிலேயே தேடித் திருத்துவது நல்லது.

இரண்டாவது பயன் அறையின் ஒத்ததிர்வைக் குறைப்பது. பத்துக்குப் பத்து அடி அறை தமிழ்நாட்டு வீடுகளில் மிகப் பரவலானது. அதன் நீளமும் அகலமும் ஏறத்தாழ 3.05 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் எனக் கொண்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 112, 169 ஹெர்ட்ஸிலும் அறை ஒத்ததிரும். நீளமும் அகலமும் சமமாக இருப்பதால் இரண்டு இணைச் சுவர்களும் அதே அதிர்வெண்களையே வலுப்படுத்துகின்றன. பின்னிரண்டு அதிர்வெண்களும் ஆண் குரலின் நடுவே வருவன. பாடலில் ஏதோ ஒரு சுரம் மட்டும் வீங்கி ஒலித்தால், பாடகரின் தொண்டையைக் குறைகூறும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அந்த இடத்தில் குறுகலாக 3 அல்லது 4 டெசிபல் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மிகுந்தால் குரல் கலங்கலாக ஒலிக்கும். 2 முதல் 3 டெசிபல் வரை அங்கே குறைக்கலாம். இதற்கு மேல் செய்யும்போது தமிழின் இயல்பை நினைவில் வைத்தல் வேண்டும். வாலை, வாளை, வாழை ஆகிய மூன்று சொற்களையும் காது எவ்வாறு பிரித்தறிகின்றது? நாக்கு பின்னோக்கி வளையும்போது வாயறையின் மூன்றாவது ஒத்ததிர்வு கீழிறங்குகின்றது. ழகரத்தில் இது மிகவும் தாழ்ந்து இரண்டாவது ஒத்ததிர்வை நெருங்குகின்றது. லகரத்தில் உயர்ந்தே நிற்கின்றது. இந்த வேறுபாட்டுக்கான தடயங்கள் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அமைகின்றன. குரல் "கடுமையாக" உள்ளது என்று இப்பகுதியை அகலமாகக் குறைத்தால், கடுமையோடு ழகரமும் போய்விடும். பாடகர் ழகரத்தை ஒழுங்காக உச்சரித்திருந்தும், கேட்பவர் அவரைக் குற்றம் சொல்ல நேரும். அதே பகுதியில் கிட்டாரும் கீபோர்டும் மிகையாக ஒலித்தாலும் இதே விளைவுதான். அப்போது குறைக்க வேண்டியது அக்கருவிகளின் தடத்தில்.

"சாமி", "சரணம்" முதலிய சொற்களில் மொழிமுதல் சகரத்தைப் பலர் சீறலொலியாகவே பாடுகின்றனர். இதன் ஆற்றல் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மிகுதி. இதனைத் தானாகக் குறைக்கும் டி-எஸ்ஸர் என்னும் கருவி உண்டு. பாடல் ஒன்றில் இருபது இடங்களில் மட்டும் சீறல் துருத்தினால், அவ்விடங்களின் ஒலியளவைக் கையாலேயே 4 டெசிபல் குறைத்துவிடுவது மேல்.

கம்ப்ரசர்

கம்ப்ரசர் என்பது குறிப்பிட்ட ஓர் எல்லையைத் தாண்டும் ஒலியை, குறிப்பிட்ட விகிதத்தில் அமுக்கும் கருவியாகும். எல்லை −20 டெசிபல், விகிதம் 3:1 எனக் கொள்வோம். −8 டெசிபலில் வரும் ஓர் உச்சம் எல்லையை 12 டெசிபல் தாண்டுகின்றது. கருவி அதனை மூன்றில் ஒரு பங்காக்கி 4 டெசிபல் தாண்டலாக மாற்றும். வெளிவருவது −16 டெசிபல். அதாவது 8 டெசிபல் அமுக்கம். உச்சங்கள் தாழ்ந்துவிட்டதால் தடம் முழுவதையும் இனி 8 டெசிபல் உயர்த்தலாம். மெல்லிய சொற்களும் இவ்வாறே முன்னுக்கு வருகின்றன.

வீட்டுப் பதிவின் இடர் இந்தக் கடைசி அடியிலேயே உள்ளது. பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் அறையின் இரைச்சல் −55 டெசிபலில் இருந்தது எனில், உயர்த்திய பின் அது −47 டெசிபல் ஆகிவிடும். ஒரு கம்ப்ரசருக்குப் பின் மற்றொன்று, அதற்குப் பின் மொத்தக் கலவையின் மீது இன்னொன்று என அடுக்கினால் கணக்கு இவ்வாறே கூடிக்கொண்டு போகும். இறுதியில் ஒவ்வோர் அடியின் முடிவிலும் அறை "மூச்சு வாங்குவது" கேட்கும். ஒலிகாப்புள்ள கூடத்தில் மூன்று கம்ப்ரசர்களை அடுக்கும் பொறியாளருக்கு இச்சிக்கல் இல்லை. அவருடைய அமைப்புகளை அப்படியே படியெடுக்கும் வீட்டுப் பதிவாளருக்கு உண்டு.

ஒலியளவை முன்னரே கையால் சீர்செய்திருந்தால், 2:1 அல்லது 3:1 விகிதத்தில் 3 முதல் 5 டெசிபல் வரை அமுக்கும் ஒரே கம்ப்ரசர் போதும். கருவி செயற்படத் தொடங்கும் நேரத்தை 10 முதல் 30 மில்லிநொடி வரை வைத்தால் மெய்யெழுத்துகளின் முதல் வெடிப்பு அமுங்காமல் தப்பிக்கும். மிக விரைவாக வைத்தால் க, ட, த, ப ஆகியவற்றின் முனை மழுங்கிப் பாடல் சோம்பலாக ஒலிக்கும்.

ரிவெர்ப்

ஒலி நின்ற பிறகும் அறையில் தொடர்ந்து தேயும் முழக்கம் ரிவெர்ப் எனப்படுகின்றது. கோயில் மண்டபத்தில் பாடும்போது இது இயற்கையாகவே கிடைக்கின்றது. பதிவுகளில் இதனைச் செயற்கையாகச் சேர்க்க முன்பு தனி எதிரொலி அறைகளும், 1957 இல் வெளியான இ.எம்.டி. 140 போன்ற உலோகத் தகட்டுக் கருவிகளும் பயன்பட்டன. இப்போது செருகுநிரல்களே போதுமானவை. பக்திப் பாடல் என்றாலே நீண்ட முழக்கம் வேண்டும் என்னும் எண்ணம் தமிழ்நாட்டில் வேரூன்றியுள்ளது. அது சொற்களுக்கு என்ன செய்கின்றது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

பதி, பத்தி, படி, பட்டி. இவ்விணைகளில் முதற் சொல்லில் வல்லினம் மென்மையாகக் கடந்து செல்கின்றது. இரண்டாவது சொல்லில் நாக்கு காற்றை அடைத்து நிறுத்தி, பின் விடுவிக்கின்றது. அந்த அடைப்பின் நேரம் பொதுவாக 100 மில்லிநொடிக்கு மேல். அந்நேரத்தில் ஒலியே இல்லை. இந்த அமைதியைக் கொண்டே காது "பத்தி" என்று அறிகின்றது.

ரிவெர்ப்பின் நேரம் என்பது முழக்கம் 60 டெசிபல் தேய எடுக்கும் நேரமாகும். 1.5 நொடி முழக்கம் ஒரு நொடிக்கு 40 டெசிபல் வீதம் தேய்கின்றது. அடைப்பு 150 மில்லிநொடி நீடித்தால், அதற்குள் முழக்கம் 6 டெசிபல் மட்டுமே குறைந்திருக்கும். அமைதி இருக்க வேண்டிய இடத்தில் முந்தைய உயிரெழுத்தின் வால் நிரம்பி நிற்கும். 0.8 நொடி முழக்கமாயின் அதே இடைவெளியில் 11 டெசிபல் குறைந்துவிடும். விரைந்த நடையில் அமைந்த பாடலில், அடைப்பின் நேரமும் சுருங்குவதால், இவ்வேறுபாடு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஒற்று மிகுந்த தமிழ்ப் பாடலுக்கு ஒரு நொடிக்குக் குறைந்த முழக்கத்தைத் தேர்வது இதனாலேயே நல்லது. மெதுவான விருத்தம் பாடும்போது கூட்டிக்கொள்ளலாம்.

மேலும் இரண்டு சிறு வழிகள் உண்டு. ஒன்று, குரலுக்கும் முழக்கத்தின் தொடக்கத்துக்கும் இடையே 20 முதல் 40 மில்லிநொடி இடைவெளி விடுதல். சொல்லின் முனை முதலில் வந்துவிடும், முழக்கம் பின்னால் வரும். மற்றொன்று, முழக்கத் தடத்தில் மட்டும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை வெட்டுதல். அளவைப் பொறுத்தவரை, முழக்கம் தெளிவாகக் கேட்கும் வரை கூட்டி, பின் அது தனித்துத் தெரியாத அளவுக்குக் குறைத்து விடுதல் பலர் பின்பற்றும் முறை. பதிவறையின் எதிரொலி ஏற்கெனவே தடத்தில் இருக்குமாயின், அதனை மறைக்க மேலும் முழக்கம் சேர்ப்பது பயன் தராது. இரண்டு அறைகளின் ஒலியும் ஒன்றாகக் கேட்கும்.

சுருதித் திருத்தம்

1997 இல் அன்டாரஸ் நிறுவனம் வெளியிட்ட ஆட்டோ-டியூன், பாடப்பட்ட சுரத்தை அருகிலுள்ள சரியான சுரத்துக்குத் தானாக நகர்த்துகின்றது. மேற்கத்திய முறையில் ஒரு சுரம் பெரும்பாலும் ஒரே உயரத்தில் நிற்பதால் இது அங்கே பொருந்துகின்றது. கருநாடக இசையிலோ கமகம் என்பது சுரத்தின் அணி மட்டுமன்று. சில இடங்களில் சுரமே அதுதான். தோடி இராகத்தின் காந்தாரம் அசைந்துகொண்டே இருப்பது. அதனைப் பன்னிரண்டு நிலைகளுள் ஒன்றில் நிறுத்த முயலும் மென்பொருள், அசைவைப் படிக்கட்டுகளாக வெட்டிவிடும். நாட்டுப்புறப் பாடல்களின் இழுப்புகளுக்கும் இது பொருந்தும். தானியங்கித் திருத்தத்தை அணைத்து வைத்து, உண்மையிலேயே விலகிய ஓரிரு சுரங்களை மட்டும் கையால் நகர்த்துவதே தமிழ்ப் பாடலுக்கு ஏற்றது. அதனினும் ஏற்றது அவ்வடியை மீண்டும் பாடிப் பதிவு செய்வது. வீட்டில் அதற்குக் கட்டணம் இல்லை.

மாற்றுக் கருத்து

எளிமை எல்லாப் பாடலுக்கும் விதி அன்று. செர் 1998 இல் பாடிய "பிலீவ்" பாடலில் சுருதித் திருத்தத்தை வேண்டுமென்றே மிகைப்படுத்திப் பெற்ற இயந்திரக் குரல், பின்னர் ஒரு பாணியாகவே நிலைபெற்றது. அங்கே செயலாக்கம் குறையை மறைக்க வந்ததன்று. அதுவே இசையின் கூறு. தொழில்முறைப் பொறியாளர்கள் குரலுக்குப் பல கருவிகளைப் பயன்படுத்துவதும் உண்மையே. ஆயினும் அவற்றுள் ஒவ்வொன்றும் ஓரிரு டெசிபல் அளவிலேயே வேலை செய்வது வழக்கம். கருவிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதை விட, ஒவ்வொன்றும் எதற்காக இருக்கின்றது என்று கேட்பது பொருத்தமானது. காரணம் சொல்ல இயலாத செருகுநிரலை நீக்கிவிடலாம்.

சரிபார்த்தல்

ஒலி சற்று உயர்ந்தாலே அது சிறந்ததாகக் காதுக்குத் தோன்றும். பெரும்பாலான செருகுநிரல்கள் சேர்த்தவுடன் ஒலியளவையும் உயர்த்துவதால், எதைச் சேர்த்தாலும் முன்னேற்றம் போலவே தெரியும். ஆகவே சேர்த்த பின் வெளிவரும் அளவைச் சேர்ப்பதற்கு முன்பிருந்த அளவுக்குக் குறைத்து வைத்து, கருவியை அணைத்தும் இயக்கியும் ஒப்பிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு இதனைச் செய்து, வேறுபாடு தெரியாவிட்டால் கருவி தேவையில்லை. வீட்டுக் கலவையில் ஒரேயொரு பழக்கத்தை மட்டும் கைக்கொள்ள முடியும் என்றால் இதனையே கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை.

கலவை செய்தவருக்குப் பாடல் வரிகள் மனப்பாடமாக இருக்கும். எனவே அவர் காதில் எல்லாச் சொற்களும் தெளிவாகவே விழும். பாடலை முன்பு கேட்டிராத ஒருவரிடம் ஒருமுறை ஒலிக்கவிட்டு, கேட்ட சொற்களை எழுதித் தரச் சொல்வது நம்பத்தக்க சோதனை. எழுதித் தந்ததில் "வாழை" "வாலை" ஆகியிருந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். மிகத் தாழ்ந்த ஒலியில் கேட்டுப் பார்ப்பதும் நல்லது. அந்நிலையில் காது தாழ் அதிர்வெண்களைக் குறைவாகவே உணர்வதால், மேளம் பின்வாங்கிக் குரல் மட்டும் நிற்கின்றதா என்பது புலப்படும்.

பாடல் எங்கே கேட்கப்படும் என்பதும் கருதத்தக்கது. தென்காசி வட்டாரத்தில் உள்ளூர்க் கோயில்களுக்கெனப் பதிவு செய்யப்படும் பாடல்கள் கொடை நாட்களில் குழாய் ஒலிபெருக்கிகளில் ஒலிக்கின்றன. மற்ற நாட்களில் கைப்பேசியில் கேட்கப்படுகின்றன. இரண்டும் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மிகக் குறைவாகவே ஒலிப்பன. குரலுக்கு "கனம்" சேர்ப்பதற்காக 120 ஹெர்ட்ஸில் கூட்டியது அங்கே கேட்கவே கேட்காது. குழாய் ஒலிபெருக்கி இடம் வலம் என்ற பிரிவும் அறியாது. இரண்டு தடங்களையும் ஒன்றாக்கியே ஒலிக்கும். குரலை அகலமாகக் காட்டும் செருகுநிரல்கள் இடம், வலம் அலைகளைச் சற்றே முன்பின்னாக மாற்றுவன. அவ்விரு அலைகளும் ஒன்றாகும்போது சில அதிர்வெண்கள் தம்முள் கழிந்து, தலையணியில் விரிந்து ஒலித்த குரல் தெருவில் மெலிந்துவிடும். முதன்மைக் குரலை நடுவிலேயே, அகலப்படுத்தாமல் வைத்தால் இச்சிக்கல் எழாது. முடிவு செய்யும் முன், மென்பொருளின் ஒற்றைத்தடப் பொத்தானை அழுத்தி ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

இணையத்தில் வெளியிடுவதாயின் ஒலியளவைக் கூட்டுவதற்காக இறுதியில் அமுக்க வேண்டியதில்லை. ஒலி உரப்பை அளக்கும் பன்னாட்டு முறையான ஐ.டி.யு. பி.எஸ்.1770 2006 இல் வெளியானது. அதன் பின் வந்த இணைய இசைத்தளங்கள் பல, பாடல்களை ஏறத்தாழ −14 எல்.யு.எப்.எஸ். என்னும் அளவுக்குத் தாமே சமன்செய்து ஒலிக்கின்றன. மிகையாக அமுக்கி −8 க்கு ஏற்றிய பாடலை அத்தளம் 6 டெசிபல் குறைத்தே ஒலிக்கும். அமுக்கத்தால் மழுங்கிய மெய்யெழுத்துகள் மட்டும் அப்படியே எஞ்சியிருக்கும்.